விரிவிடை வினா சேர்த்தால் தேர்வு தேறுமா?

கேள்வி (தென்காசி வாசகர், 2024 ஜூலை 6)

அண்ணாச்சி, சிசிஐஇ (சிஸ்கோ நிறுவனத்தின் உயர்நிலைச் சான்றிதழ்) அளவிலான நெட்வொர்க்கிங் தேர்வுகளில் கன்ஃபிகரேஷன் (ரவுட்டரில் கட்டளை தட்டி நெட்வொர்க்கை அமைக்கும்) வேலைக்கே பெரும்பாலும் மதிப்பெண் போடுவதால், டம்ப்ஸ் (கசிந்த வினா-விடைத் தொகுப்பு) மனப்பாடம் செய்து வருகிறவர்கள் எளிதாக உள்ளே நுழைந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. 'இது ஏன் இப்படி நடக்கிறது, உன் சொற்களில் எழுது' என்று நான்கு விரிவிடை வினாக்களைச் சேர்த்துவிட்டால், மனப்பாடக்காரர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே கழிந்துவிடுவார்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஜூலை 6, மாலை

நீங்கள் சொல்லும் மருந்து ஏற்கெனவே கொடுத்துப் பார்க்கப்பட்டது. சிஸ்கோ நிறுவனம் 2009 பிப்ரவரி 1 முதல் ரூட்டிங் அண்ட் சுவிட்சிங் பிரிவின் சிசிஐஇ செய்முறைத் தேர்வில், நீங்கள் கேட்பதைப் போலவே, சிறு விடை எழுதும் வினாக்களைச் சேர்த்தது. எட்டு மணி நேரத் தேர்வின் தொடக்கத்தில் அவை வந்தன. அந்தப் பகுதியிலும் செய்முறைப் பகுதியிலும் தனித்தனியே தேற வேண்டும் என்பது விதி. அதே ஆண்டு அக்டோபரில் நான்காம் பதிப்பு வந்தபோது, அரை மணி நேரம் வினாக்களுக்கு, இரண்டு மணி நேரம் பழுது கண்டறிதலுக்கு, எஞ்சிய ஐந்தரை மணி நேரம் கன்ஃபிகரேஷனுக்கு என்று பங்கிட்டார்கள். 2010 மே 10 அன்று இந்த வினாக்களை எடுத்துவிட்டார்கள். மொத்தம் பதினைந்து மாதங்கள்.

நோக்கம் நீங்கள் சொல்வதேதான். வெளியே கசிந்த ஆய்வகத் தாள்களை உருப்போட்டு வருகிறவர்களைப் பிரித்தெடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2008 இல், பெய்ஜிங் ஆய்வகத்தில் தேர்வர்களிடம் சில நிமிட நேர்முகம் நடத்திப் பார்த்தார்கள். அதன் எழுத்து வடிவத் தம்பியாகத்தான் நான் இந்த வினாக்களைப் பார்க்கிறேன்.

எனக்கும் இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. 2009 இல் நான் பெங்களூர் ஆய்வகத்தில் தேர்வு எழுத முடிவு செய்தபோது, கட்டணம் 1,400 டாலர். அவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டு நான்கு குறுவினாக்களில் கவிழ்ந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில், பாளையங்கோட்டைத் தெற்கு பஜாரில் ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு நாளும் எனக்கு நானே ஐந்து வினாக்கள் எழுதி, அவற்றுக்கு நானே விடையெழுதி, நானே சிவப்பு மையில் திருத்தினேன். ஏறத்தாழ ஓராண்டு இது நடந்தது. எனக்குக் கிடைத்த தேர்வுத் தேதி 2010 ஜூன். வேய்ந்தான்குளம் நிலையத்தில் பெங்களூர்ப் பேருந்துக்குக் காத்திருந்த இரவிலும் அந்த நோட்டு என் மடியில்தான் இருந்தது. ஆனால் அந்த வினாக்கள் தேர்விலிருந்து போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பந்தி முடிந்தபின் இலை போட்டு உட்கார்ந்தவன் கதை. அந்த முறை பழுது கண்டறியும் பகுதியில் தோற்றேன், அதற்கு என் அவசரபுத்தி மட்டுமே காரணம். மறு ஆண்டு தேறினேன்.

ஆகவே என் விடை: வினாக்கள் தேர்வைத் திருத்தவில்லை. ஆனால் என்னைத் திருத்தின. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜூலை 6, இரவு

ஒரு சொல் பிரச்சினை. நம் பள்ளித் தமிழ் வினாத்தாளில் 'பலவுள் தெரிக' உண்டு, குறுவினா உண்டு, சிறுவினா உண்டு, நெடுவினா உண்டு. 2009 இல் வந்தவை இந்தக் கணக்கில் குறுவினாக்கள்; ஓரிரு வரியில் விடை முடிந்துவிடும். அவற்றைச் சிஸ்கோ 'திறந்த முனை' (ஓப்பன் எண்டட்) வினாக்கள் என்று அழைத்தது, முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்த சந்தைக் காட்சியம்மன் கோவில் முடுக்கை ராஜபாட்டை என்று அழைப்பது போன்றது. (அப்படி ஒரு முடுக்கு இருக்கிறதா என்று தேடிப் போக வேண்டாம், உவமைக்காகக் கட்டியது.)

ஜூலை 8

'உங்களைத் திருத்தின என்றால் எப்படி' என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரையை மீறி நெல்லைச் சந்திப்புப் பகுதிக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோய்ப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அப்போது நான் மாவட்டம் முழுவதும் கிளைகள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆற்றங்கரைக் கிளைகளின் ஃபைபர் இணைப்பு ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தது. மாற்று ஏற்பாடாக மொபைல் இணைப்பின் மேல் ஜிஆர்இ டன்னல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் வழி) போட்டு, அதன்மேல் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் வழித்தடங்களைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) ஓடும்படி முன்பே அமைத்திருந்தோம். மூன்று கிளைகள் அந்த வழியில் எழுந்து நின்றன. நான்காவது கிளையில் டன்னல் மேலே இருந்தது, பிங் போனது, அண்டை ரவுட்டரின் பெயரும் தெரிந்தது. ஆனால் உறவின் நிலை எக்ஸ்ஸ்டார்ட் (தகவல் பரிமாற்றம் தொடங்கும் கட்டம்) என்பதைத் தாண்டவில்லை. ஒரு வழித்தடம்கூட வரவில்லை.

என்னோடு இருந்த இரு இளைஞர்களும் திறமையானவர்கள். எதைத் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு என்னைவிட விரைவாகத் தெரியும். அவர்கள் ஓஎஸ்பிஎஃப் செயல்பாட்டை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்கள், டன்னலை அழித்து மறுபடி போட்டார்கள், கடவுச்சொல்லைச் சரிபார்த்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. அந்த வேளையில்தான் எனக்குப் பழைய நோட்டின் ஒரு பக்கம், மையின் நிறத்தோடு, நினைவுக்கு வந்தது: 'இரு ரவுட்டர்கள் எக்ஸ்ஸ்டார்ட் நிலையில் நின்றுவிட்டால் முதலில் எதைச் சந்தேகிப்பாய், ஏன்?' விடை, எம்டியு (ஒரு பாக்கெட்டுக்கு அனுமதிக்கப்படும் மிகப்பெரிய அளவு) பொருத்தமின்மை. ஜிஆர்இ தலைப்பும் வெளி ஐபி தலைப்பும் சேர்ந்து 24 பைட் எடுத்துக்கொள்வதால் 1,500 இல் மிஞ்சுவது 1,476. ஒரு முனை அந்த அளவில் இருக்க, மறுமுனையில் யாரோ 1,400 என்று கைப்பட எழுதிவைத்திருந்தார்கள். ஓஎஸ்பிஎஃப் தன் ஹலோ பாக்கெட்டில் (அண்டை ரவுட்டருக்கு அனுப்பும் அறிமுகச் செய்தியில்) எம்டியு அளவை எழுதி அனுப்பும். அது பொருந்தாவிட்டால் உறவு முழுமை பெறாது. அளவைச் சமப்படுத்தியதும் நான்கு நொடியில் வழித்தடங்கள் வந்துவிட்டன.

'ஏன்' என்பதை எழுதிப் பழகிய கைக்கு மட்டுமே அது சட்டென்று வரும் என்பது என் துணிபு. கன்ஃபிகரேஷன் மட்டும் பயின்ற கை கட்டளைகளையே தேடும்.

ஜூலை 9

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. அதைச் சுட்டியவர் என்னிடம் பயிலும் சேரன்மகாதேவி மாணவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணாச்சி, ஹலோவுலயே எம்டியு மோதியிருந்தா அது எக்ஸ்ஸ்டார்ட் வரைக்கும் எப்படி வந்திருக்கும்? அண்டை பேரே தெரிஞ்சிருக்காதுல்லா?"

அவர் சொல்வதே சரி. ஹலோ பாக்கெட்டில் ஒப்பிடப்படுபவை ஏரியா எண், ஹலோ இடைவெளி, டெட் இடைவெளி, நெட்வொர்க் மாஸ்க், ஸ்டப் குறி போன்றவை. எம்டியு அளவு இருப்பது, அடுத்த கட்டத்தில் பரிமாறப்படும் டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் பாக்கெட்டில். அங்கே குறிப்பிட்ட அளவு தன் அளவைவிடப் பெரியதாக இருந்தால், பெறுகிற ரவுட்டர் அந்தப் பாக்கெட்டை ஏற்க மறுக்கும். ஆகவேதான் அண்டை ரவுட்டரின் பெயர் தெரிகிறது, உறவு மட்டும் நகர்வதில்லை. நான் விவரித்த நிகழ்ச்சியே நான் தந்த விளக்கத்தைப் பொய்யாக்குகிறது என்பதை எழுதும்போது நான் கவனிக்கவில்லை.

இப்போது இதைத் தேர்வுத் தாளாக எண்ணிப் பாருங்கள். வெள்ள நாளில் நோயைச் சரியாகக் கண்டேன், மருந்தும் சரி, கிளையும் எழுந்தது. ஆனால் 'ஏன்' என்ற விரிவிடைக்கு நான் எழுதிய வரி தவறு. திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருந்தால் எனக்குச் சுழியம். அந்தச் சுழியம் நியாயமா? நேற்று முழுவதும் 'ஏன் தெரிந்தவனே வல்லவன்' என்று வாதாடிய நானே இதற்கு விடை சொல்லியாக வேண்டும். உடனே சொல்ல வரவில்லை.

இந்தப் பிழை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் புரியவில்லை. தெரியாத பாடம் அன்று.

ஜூலை 14

அந்தச் சுழியம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான என் தாய்மாமாவிடம் கேட்டேன். பல ஆண்டுகள் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்குச் சென்றவர். அவர் விளக்கியது இது. முகாமில் முதல் நாள் யாரும் திருத்தத் தொடங்குவதில்லை. விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு, எந்த மாற்று விடைக்கு மதிப்பெண் உண்டு, எந்தப் படிக்கு எத்தனை என்று பேசி முடிவு செய்வார்கள். கணக்கில் கடைசி வரி தப்பானாலும் முன்வரிகளுக்குப் படிநிலை மதிப்பெண் உண்டு. ஒருவர் திருத்தியதை மேலே இருக்கும் அலுவலர் மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார். இவ்வளவுக்குப் பிறகும் மறுகூட்டல், மறுமதிப்பீடு என்ற வாசல்கள் திறந்திருக்கும். "ஏல, நெடுவினா வைக்கது லேசு. திருத்தத்தான் ஆள் வேணும்" என்று முடித்தார்.

இதைத் தென்காசி வாசகர் கவனிக்க வேண்டும். விரிவிடை வினாவின் செலவு அதை எழுதுவதில் இல்லை, திருத்துவதில் இருக்கிறது. கன்ஃபிகரேஷன் தேர்வில் ஒரு வழித்தடம் அட்டவணையில் இருக்கிறதா இல்லையா என்பதை இயந்திரம் பார்த்துச் சொல்லிவிடும். காலையில் திருத்தினாலும் இரவில் திருத்தினாலும் அதே விடை. 'லூப் வராமல் இருக்க' (பாக்கெட் சுற்றிச் சுற்றி வராமல் இருக்க) என்று ஒருவர் எழுதிய அரை வரிக்கு மதிப்பெண் போடலாமா என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் உலகின் வெவ்வேறு ஊர்களில் உள்ள திருத்துநர்கள் ஒரே விதமாக முடிவு செய்ய வேண்டும். குறுவினாவாகச் சுருக்கியதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். விடையைச் சுருக்கினால் திருத்துவது எளிதாகும். ஆனால் சுருங்கிய விடையை மனப்பாடம் செய்வதும் எளிதாகும்.

ஜூலை 15

கொஞ்சம் கணக்கு. நான்கில் மூன்று சரியாக வேண்டும் என்பதுதான் அக்காலத்தில் தேர்வுக்குப் படித்தவர்கள் பேசிக்கொண்ட வரம்பு. பாடத்திட்டத்தில் 80 சதவீதம் அறிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வினாவும் அவருக்குத் தெரிந்ததாக இருக்கும் வாய்ப்பு 0.8 என்று வைப்போம். நான்கும் சரியாகும் வாய்ப்பு 0.4096. மூன்று மட்டும் சரியாகும் வாய்ப்பும், வியப்பாக, அதே 0.4096. கூட்டினால் 0.82. அதாவது இப்படிப்பட்ட நல்ல தேர்வர்கள் நூறு பேரில் பதினெட்டுப் பேர், ரவுட்டரில் கை வைப்பதற்கு முன்பே விழுந்துவிடுவார்கள். மீதி ஏழரை மணி நேரமும் அவர்கள் வெறுமனே உழைத்துவிட்டு வருவார்கள்.

இப்போது பாதி மட்டும் அறிந்த மனப்பாடக்காரர். அவருக்கு வாய்ப்பு பதினாறில் ஐந்து, அதாவது 31 சதவீதம். மூன்று பேரில் ஒருவர் தாண்டிவிடுகிறார்.

பத்து வினாக்கள் வைத்து ஏழு கேட்டிருந்தால், முன்னவருக்கு 88 சதவீதம், பின்னவருக்கு 17 சதவீதம். சல்லடை இன்னும் நன்றாகச் சலித்திருக்கும். திருத்துகிறவர் பாடுதான் இரண்டரை மடங்கு. அந்தப் 17 சதவீதம் பின்னமாக 1,024 இல் 176 என்று வருகிறது. 1,024 என்பது இந்தத் துறையில் சுவையான எண்: 1993 இல் சிசிஐஇ தொடங்கியபோது எண் வரிசை 1024 இல்தான் ஆரம்பித்தது, அந்த முதல் எண்ணை எந்த மனிதருக்கும் கொடுக்காமல் ஆய்வகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். தேர்வு தனக்குத்தானே முதல் சான்றிதழ் வழங்கிக்கொண்டது.

ஜூலை 16

நேற்றைய கணக்கை மறுபடி பார்த்தேன். எண்களில் தவறில்லை, நான் அவற்றை வாசித்த விதத்தில் சாய்வு இருக்கிறது. மனப்பாடக்காரரில் 31 சதவீதம் தாண்டுகிறார் என்றால் 69 சதவீதம் நிற்கிறார் என்றும் பொருள். எந்தச் சல்லடையும் இல்லாமல் எல்லாரும் தாண்டிக்கொண்டிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது சிறிய பயன் அன்று. வினாக்களைச் சேர்த்தவர்களை அறியாதவர்கள் என்று நான் சித்திரித்திருந்தால், அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் 69 என்பது முதல் சில மாதங்களின் எண்ணாகவே இருக்க முடியும். வினாக்கள் ஒரு வங்கியிலிருந்து எடுக்கப்படுகிற வரையில், தேர்வு எழுதி வெளியே வருகிற ஒவ்வொருவரும் நான்கு வினாக்களை நினைவில் சுமந்து வருகிறார். முழு ஆய்வகத் தாளையே வெளியே கொண்டுவந்தவர்களுக்கு ஒற்றை வரி வினா எம்மாத்திரம்?

ஜூலை 21

விரிவிடையை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதைப் பற்றி ஒரு வாசகர் கேட்டபோது, 'துறைமொழி ஆங்கிலம், அதில் இரண்டு வரி எழுதத் தெரியாதவருக்கு என்ன வல்லமை' என்று நேரில் சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது.

நேற்று என் மாடியறை வகுப்பில் எழுத்துப் பயிற்சி வைத்தேன். வினா: ஐபிஜிபி (ஒரே நிர்வாகத்தின் நெட்வொர்க்குக்குள் வழித்தடங்களைக் கைமாற்றும் முறை) அண்டையிடம் கற்ற வழித்தடத்தை இன்னொரு ஐபிஜிபி அண்டைக்கு ஏன் சொல்வதில்லை? களக்காட்டிலிருந்து வருகிற, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த ஒரு மாணவர், ஆங்கிலத்தில் ஐந்து சொற்கள் எழுதியிருந்தார்: லூப், ஏஎஸ் பாத் (வழித்தடச் செய்தி கடந்து வந்த நெட்வொர்க்குகளின் பட்டியல்) என்ற இரண்டும் அவற்றுள் இருந்தன, வினைச்சொல் இல்லை. நான் விடைக்குறிப்புப்படி பாதி மதிப்பெண் போட்டேன். பிறகு ஏதோ தோன்ற, வாயால் சொல்லச் சொன்னேன்.

"அண்ணாச்சி, வெளியூருக்குச் சேதி போகும்போது ஒவ்வொரு ஊரும் தம் பேர அதுல எழுதி அனுப்பும்லா? அது சுத்தி நம்ம ஊருக்கே வந்தா, நம்ம பேரு இருக்கேன்னு பாத்துத் தூக்கிப் போட்டிரலாம். ஊருக்குள்ளயே கைமாறுனா யாரும் பேரு எழுத மாட்டாங்க. அப்ப அது சுத்துதா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதான் உள்ளூர்க்காரன் சொன்னத இன்னொரு உள்ளூர்க்காரன்கிட்ட சொல்லாதங்கான்."

அப்படியானால் ரூட் ரிஃப்ளெக்டர் (உள் அண்டைகளுக்கு வழித்தடங்களைத் திருப்பிச் சொல்லும் ரவுட்டர்) சொல்கிறதே என்று மடக்கினேன். "அதுக்குத்தான் அவன் ரெண்டு சீட்டு ஒட்டுதாம்லா, யாருட்டேருந்து வந்ததுன்னு ஒண்ணு, எந்தெந்தக் கூட்டம் வழியா வந்ததுன்னு ஒண்ணு" என்றார். ஒரிஜினேட்டர் ஐடி, கிளஸ்டர் லிஸ்ட் என்ற இரண்டையும் இதைவிடத் தெளிவாக விளக்கிய பாடநூலை நான் கண்டதில்லை. பாதி மதிப்பெண்ணை அழித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். ஆனால் உலகத் தேர்வில் அவரை வாயால் சொல்லச் சொல்ல யார் இருக்கிறார்கள்? விசைப்பலகையில் கன்ஃபிகரேஷன் தட்டுகிறபோது களக்காட்டுக்காரரும் கலிபோர்னியாக்காரரும் ஒரே மொழியைத் தட்டுகிறார்கள். விரிவிடை அந்தச் சமத்துவத்தை முதல் அரை மணி நேரத்திலேயே கலைத்துவிடுகிறது.

ஜூலை 22

'அப்படியானால் வாடிக்கையாளருக்கு அறிக்கை எழுத வேண்டாமா' என்ற மறுப்புக்கு: வேண்டும். அதைத் தனியாகச் சோதிக்கட்டும். நீந்தத் தெரியுமா என்று சோதிக்கும்போது கையெழுத்தைப் பார்க்கக் கூடாது.

ஆகஸ்ட் 4

இன்று ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஊரே போய்விட்டதால், வகுப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். குறைந்த கூட்டத்தைப் பயன்படுத்தி ஒரு சோதனை செய்தேன்.

மூவருக்கும் ஒரே வினா: ஈஐஜிஆர்பி என்ற வழித்தட நெறிமுறையில் ஒரு பாதை ஃபீசிபிள் சக்சஸர் (தயார் நிலையில் உள்ள மாற்றுப் பாதை) ஆக என்ன நிபந்தனை? மூவரும் தாளில் சரியாக எழுதினார்கள்: அண்டை ரவுட்டர் அறிவிக்கும் தொலைவு, என் ஃபீசிபிள் டிஸ்டன்சைவிட, அதாவது எனக்குக் கிடைத்த மிகக் குறைந்த தொலைவைவிட, குறைவாக இருக்க வேண்டும். 2009 பாணியில் திருத்தினால் மூவருக்கும் முழு மதிப்பெண், மூவரும் சமம்.

பிறகு ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, 'ஏன்' என்று கேட்டேன். மூவரும் 'லூப் வராமல் இருக்க' என்றார்கள், இதுவரையிலும் சமம். குறைவாக இருந்தால் லூப் வராது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்று அடுத்து கேட்டதும் ஒருவர் நின்றுவிட்டார். மற்ற இருவரும், அண்டையின் பாதை என் வழியாகவே செல்வதாக இருந்தால் அவருடைய தொலைவு என்னுடையதைவிடக் கூடுதலாகத்தானே இருக்க முடியும் என்று விளக்கினார்கள். மூன்றாவதாக, அப்படியானால் அந்த நிபந்தனையில் தேறாத பாதைகள் எல்லாம் லூப் பாதைகளா என்று கேட்டேன். ஒருவர் 'ஆமாம்' என்று சொல்லி விழுந்தார். சேரன்மகாதேவி மாணவர் மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளைப் பலகையைப் பார்த்துவிட்டு, "அப்படிச் சொல்ல முடியாது அண்ணாச்சி, நல்ல பாதையும் சிலது தேறாமப் போகும். தேறுனது கண்டிப்பா நல்லது, அவ்வளவுதான்" என்றார்.

ஆளுக்கு ஏழெட்டு நிமிடம். தாள் சமமாகக் காட்டிய மூவரையும் மூன்று படிகளில் நிறுத்திவிட்டது அந்த உரையாடல். விரிவிடை வினாவின் வலிமை முதல் வினாவில் இல்லை. விடையைக் கேட்டபின் பிறக்கிற இரண்டாவது, மூன்றாவது வினாக்களில் இருக்கிறது. அவற்றுக்கு டம்ப்ஸ் தயாரிக்க முடியாது. ஜூலை 9 அன்று என் பிழையை வெளியே இழுத்ததும் அப்படி ஒரு தொடர்வினாதான். என் சுழியத்துக்கும் இப்போது விடை கிடைக்கிறது: எதிரே ஒருவர் இருந்து 'அப்படியானால் எக்ஸ்ஸ்டார்ட் வரை எப்படி வந்தது' என்று ஒரு வரி கேட்டிருந்தால், நானே அந்த இடத்தில் திருத்திச் சொல்லியிருப்பேன்.

அதே நாள், இரவு

மேலே எழுதியதைப் படித்த பிறகு சங்கடமாக இருக்கிறது. மூன்றாவது வினாவில் விழுந்தவருக்கு நான் யோசிக்க நேரம் கொடுத்தேனா? சேரன்மகாதேவி மாணவர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நான் பேசாமல் காத்திருந்தேன். அவர் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இருந்தது. மற்றவரிடம் அந்தக் காத்திருப்பு இல்லை.

பொறியியல் கல்லூரி வைவாக்களில் இதை எல்லாரும் கண்டிருக்கிறோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மதியச் சாப்பாட்டுக்கு முன் கேட்கிற கேள்விக்கும் பின் கேட்கிற கேள்விக்கும் உறவே இருக்காது. ஒரு கல்லூரியில் நானே அப்படிப் போயிருக்கிறேன். கடைசிப் பத்து மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு கேள்விக்கு மேல் நான் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாய்மொழித் தேர்வு வேண்டுமானால் எதிரே ஒருவருக்கு இருவராவது உட்கார வேண்டும்.

ஆகஸ்ட் 5

2010 க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. 2014 இல் ஐந்தாம் பதிப்பில் அரை மணி நேர 'டயக்னாஸ்டிக்' பகுதி வந்தது. அதில் ரவுட்டரைத் தொட முடியவில்லை. மின்னஞ்சல், வரைபடம், பதிவுகள் ஆகியவற்றைக் கொடுத்துப் பழுதின் வேர் எது என்று கேட்டார்கள், விடையைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரி 24 முதல் எண்டர்பிரைஸ் பிரிவில் மூன்று மணி நேர வடிவமைப்புப் பகுதி முதலில் வருகிறது. ஒரு வினாவைத் தாண்டினால் பின்னால் போய் மாற்ற முடியாது. இரண்டிலும் 'ஏன்' என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது, எழுதிக் காட்டுகிற வேலைதான் இல்லை. 'பலவுள் தெரிக' என்று நாம் கேலி செய்கிற வடிவத்துக்குள்ளேயே சிந்தனையைச் சோதிக்க முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்; கொடுக்கிற ஆவணங்கள் செறிவாக இருக்க வேண்டும், அவ்வளவே.

மறுகோடியில், விஎம்வேர் நிறுவனத்தின் விசிடிஎக்ஸ் போன்ற வடிவமைப்பு வல்லுநர் சான்றிதழ்கள் இருக்கின்றன. தன் வடிவமைப்பை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, வல்லுநர் குழுவின் எதிரே நின்று அதற்காக வாதாட வேண்டும். நான் நேற்று மாடியறையில் மூன்று பேருக்குச் செய்ததைச் செலவு செய்து முறையாகச் செய்கிறார்கள். எதிரே குழுவை உட்கார வைக்க வேண்டியிருப்பதால் பெருங்கூட்டத்துக்கு அது சரிப்படாது. 2009 இன் நான்கு வினாக்கள் இந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டின் குறைகளையும் சுமந்துகொண்டு நின்றன.

ஆகஸ்ட் 11

தென்காசி வாசகர் பெங்களூரில் தேதி வாங்கிவிட்டாராம். தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் 'நான்கு வினா' என்பதை 'நான்கு வினாவும் ஒரு மனிதரும்' என்று திருத்திக்கொள்வதாக எழுதியிருக்கிறார். நோட்டைப் படிக்கக் கேட்டார். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, கொடுத்தனுப்புவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பார்த்தேன்.

31 ஆம் பக்கத்தில் எக்ஸ்ஸ்டார்ட் வினா இருந்தது. 2009 இல் நான் எழுதிய விடை: 'ஹலோ பாக்கெட்டில் உள்ள எம்டியு அளவு பொருந்தாததால்.' அதன் பக்கத்தில் என் கையாலேயே, சிவப்பு மையில், ஒரு பெரிய 'சரி'.